நாற்பது கிலோ மாவும் கால் ஸ்பூன் ஈஸ்டும்: டர்பனிலிருந்து ஒரு பதில்

முதலில் அந்த நாற்பது கிலோ மாவுக்கு ஒரு வழி செய்வோம். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் கேட்டது இதுதானே: மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. செங்கடல் பக்கம் கப்பல் போவதில்லை, டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன என்று செய்தி வர, 2020 கொரோனா ஊரடங்கு மாதிரி மறுபடியும் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து உங்கள் கணவர் நாற்பது கிலோ மாவு வாங்கி அடுக்கிவிட்டார். நீங்கள் இரண்டு தடவை பிரெட் சுட்டுப் பார்த்தீர்கள், இரண்டும் கல். ராத்திரி தூக்கம் வரவில்லை. நீங்களெல்லாம் அந்த நாட்களை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்கிறீர்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. 1999 முதல் டர்பனில் இருக்கிறேன். அதில் பதினொரு வருஷம் ஒரு மாவு ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அரைத்து வரும் மாவில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து, சுட்டு, அறுத்துப் பார்த்து, எழுதி வைப்பதுதான் வேலை. அதனால் மாவைப் பற்றிக் கொஞ்சம் உறுதியாகவே பேச முடியும்.

டர்பனின் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிறது. நம் ஊர் போலவே இங்கும் மாவுக்கு முதல் எதிரி வண்டு. அது வெளியிலிருந்து வருவதை விட, முட்டையாக மாவுக்குள்ளேயே இருந்து வெயில் காலத்தில் பொரிவதுதான் அதிகம். பிரிஞ்சி இலை போட்டால் வராது என்று சொல்வார்கள், நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், முட்டை சாவதில்லை. உறுதியான வழி ஃப்ரீசர்தான். இரண்டு கிலோ, இரண்டு கிலோவாகப் பையில் கட்டி நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும் வரை விடுங்கள், இல்லையென்றால் ஈரம் உள்ளே இறங்கி மாவு கட்டிதட்டும். பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். இப்படி முறை வைத்து எல்லாப் பைகளையும் ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். வாங்கியதில் முழுக்கோதுமை மாவு இருந்தால் அதை முதலில் தீருங்கள். முளையில் உள்ள எண்ணெய் அதில் அப்படியே இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வெள்ளை மாவு ஆறு மாதம் தாங்கும். நாலு பேர் உள்ள வீட்டில், வாரம் மூன்று பிரெட் சுட்டு, இரண்டு நாள் சப்பாத்தி போட்டாலும் வாரத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை கிலோதான் போகும். நாற்பது கிலோ என்பது நாலு மாதக் கணக்கு. ஆகவே பத்து கிலோவை இப்போதே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. யாருக்கு, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து கப்பல். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் குறையும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஆனால் நம் ஊரிலிருந்து டர்பனுக்கு வரும் பருப்பும் புளியும் இந்துமாக்கடலை நேராகக் கடந்து வருபவை. அவை செங்கடல் பக்கமே போவதில்லை. அந்தச் சண்டையால் கன்டெய்னர் பெட்டிக்குத் தட்டுப்பாடு வரலாம், சரக்குக் கட்டணம் ஏறலாம், நாள் தள்ளிப்போகலாம். விலையில் தெரியும், அவ்வளவுதான். நாட்டுக்கு வந்து போகும் பெட்டிச் சரக்கில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு டர்பன் வழியாகப் போவதால், இங்கே கிரேன் பழுதானாலும் காற்று பலமாக அடித்தாலும் ஜோகன்னஸ்பர்க் வரை தாமதம் நீளும். அது உண்மைதான். ஆனால் எந்தப் பொருள் அந்தப் பெட்டிக்குள் வருகிறது என்று பாருங்கள்.

அரிசி இந்த நாட்டில் விளைவதில்லை என்றே சொல்லலாம். தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது பச்சரிசிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோதுமையில் ஏறக்குறைய பாதி உள்நாட்டில், மேற்குக் கேப் பக்கமும் ஃப்ரீ ஸ்டேட் பக்கமும் விளைகிறது, மீதி இறக்குமதி. ஆனால் மக்காச்சோளம்? அது இங்கேயே விளைந்து, நல்ல வருஷங்களில் வெளிநாட்டுக்கும் போகிறது. சர்க்கரை நம் மாகாணத்துக் கரும்பிலிருந்து வருகிறது. ஈஸ்டும் இந்த நாட்டிலேயே தயாராகிறது, அதற்குத் தீனி அந்தக் கரும்பின் கழிவுப்பாகுதான். ஆக, கப்பல் ஒரு மாதம் நின்றாலும் இந்த நாட்டில் வயிற்றுக்குச் சோளமாவு இருக்கும். பொன்னி அரிசிச் சோறு இல்லாமல் போகலாம். அது வருத்தம்தான், ஆனால் அது பட்டினி இல்லை. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மாவுக்குப் பதில் ஐந்து கிலோ பருப்பும் ஐந்து கிலோ அரிசியும் கூடுதலாக வைப்பதுதான் நம் சமையலுக்குப் பொருந்தும்.

அப்படியென்றால் 2020-ல் ஏன் கடையில் பொருள் இல்லாமல் போனது என்று கேட்பீர்கள். அதை நேரில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். மார்ச் 5 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி நம் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில்தான் கண்டறியப்பட்டார். மார்ச் 27 முதல் ஊரடங்கு. முதலில் 21 நாள் என்றார்கள், பிறகு ஏப்ரல் முடியும் வரை நீட்டினார்கள். நடைப்பயிற்சிக்குக் கூட வெளியே போகக் கூடாது. உணவகம் எல்லாம் மூடல், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் கிடையாது. மதுவும் சிகரெட்டும் விற்கத் தடை. இந்த மதுத் தடைக்கும் நம் பிரெட்டுக்கும் ஒரு தொடர்பு வந்தது. வீட்டில் அன்னாசிப் பழத்தை நறுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு ஊறவைத்து அன்னாசி பீர் செய்ய நாடு முழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்னாசி விலை ஏறியது, ஈஸ்ட் பாக்கெட் அலமாரியிலிருந்து காணாமல் போனது. பிரெட் சுடப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் அதே நேரத்தில் அதையே தேடினார்கள். கப்பல் நின்றதால் வந்த தட்டுப்பாடு அல்ல அது. எல்லார் கையும் ஒரே வாரத்தில் ஒரே அலமாரிக்குப் போனதால் வந்தது.

அந்த ஏப்ரலில் என்னிடம் இருந்தது பத்து கிராம் ஈஸ்ட் பாக்கெட் இரண்டே இரண்டு. புனித வெள்ளி ஏப்ரல் 10-ஆம் தேதி வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். அந்த வருஷம் கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. என் சின்னவன் சிலுவைக் கோடு போட்ட பன் கேட்டு அழுதான். ஒரு பாக்கெட்டை முழுசாகப் போட்டு பன் சுட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று. அன்றைக்குத்தான் ஆலையில் படித்ததை வீட்டில் யோசித்துப் பார்த்தேன்: ஈஸ்ட் என்பது உயிர். அது பெருகும். குறைவாகப் போட்டால் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும்.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன், தங்கச்சி. ஒரு பாக்கெட்டின் மேல் ஒரு கிலோ மாவுக்கு ஒரு பாக்கெட் என்று எழுதியிருப்பது இரண்டு மணி நேரத்தில் பிரெட் வேண்டும் என்பவர்களுக்கான கணக்கு. அரை கிலோ மாவுக்குக் கால் டீஸ்பூன் ஈஸ்ட் போதும். அது ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பாக்கெட்டில் பன்னிரண்டு பிரெட் வரும். மிச்சமிருந்த அந்த ஒரே பாக்கெட் எனக்கு ஆறு வாரத்துக்கு வந்தது. வாரம் இரண்டு பிரெட். பிரித்த பாக்கெட்டைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, இறுக்க மூடி, ஃப்ரீசரில் வைத்தேன். அங்கே இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நீங்கள் சேமிக்க வேண்டுமென்றால் நாற்பது கிலோ மாவை விட நாலு பாக்கெட் ஈஸ்டைச் சேமியுங்கள். விலையும் சொற்பம், இடமும் உள்ளங்கை அளவுதான்.

சரி, உங்கள் பிரெட் ஏன் கல்லாகிறது?

நீங்கள் எழுதியதிலிருந்து மூன்று காரணம் தெரிகிறது. ஒன்று, நீங்கள் வாங்கியது கேக் மாவு. இங்கே மாவில் வகை உண்டு. கேக் மாவில் புரதம் குறைவு, அது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும். வெள்ளை பிரெட் மாவு என்று பையில் தனியாக எழுதியிருக்கும், அதுதான் வலை மாதிரி இழுத்துக் காற்றைப் பிடித்து வைக்கும். (2019 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் வாட் வரி கிடையாது. கடையில் சுட்டு விற்கும் வெள்ளை பிரெட்டுக்கு 15 விழுக்காடு வரி உண்டு, பிரவுன் பிரெட்டுக்கு இல்லை. வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்ற நாளில் பிரவுனை எடுங்கள்.) வாங்கிய கேக் மாவை வீணாக்க வேண்டாம். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குத் தட்டுத் தட்டாகப் பிஸ்கட் அனுப்பும் பழக்கம் இங்கே எவ்வளவு பெரியது என்று இந்த வருஷம் பார்ப்பீர்கள். அதற்கு ஆகும்.

இரண்டாவது, சூடான தண்ணீர். வெதுவெதுப்பு என்று படித்துவிட்டு நாம் காப்பிக்குப் போடும் சூட்டில் ஊற்றிவிடுகிறோம். விரலை விட்டால் சுடுகிறதா? அந்தத் தண்ணீரில் ஈஸ்ட் செத்துவிடும். நான் சொல்லும் முறைக்குக் குழாய்த் தண்ணீரே போதும்.

மூன்றாவதுதான் நம் எல்லாருக்கும் வரும் தவறு. நம் கை சப்பாத்தி பிசைந்த கை. மாவு கையில் ஒட்டினால் உடனே உலர் மாவைத் தூவி இறுக்கிவிடுகிறது. பிரெட் மாவு ஒட்ட வேண்டும். எங்கள் எதிர் வீட்டில் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பாட்டி ஒருவர், ஆயா என்போம், எண்பத்திரண்டு வயது. தமிழில் முழு வாக்கியம் பேச வராது, சமையல் சொற்களும் சாமி பாட்டும் வரும். அவர் என் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் காது மடலைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். "இப்படி" என்றார். அவ்வளவுதான் பாடம். காது மடல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அந்தப் பதம்.

செய்யும் முறை இது. அரை கிலோ வெள்ளை பிரெட் மாவு, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், 340 மில்லி தண்ணீர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு பாத்திரத்தில் எல்லாவற்றையும் கரண்டியால் கலந்துவிடுங்கள். பார்க்கச் சொரசொரவென்று அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, பாத்திரத்தின் ஓரத்திலிருந்து மாவை இழுத்து நடுவில் மடியுங்கள். சுற்றிச் சுற்றி எட்டுத் தடவை. இன்னொரு அரை மணியில் மறுபடி ஒருமுறை. அந்த இரண்டாவது தடவையிலேயே மாவு வேறாகிவிட்டது கைக்குத் தெரியும், வழவழப்பாக, ஒரு துணியை மடிப்பது போல. மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் இரண்டு மடங்காகப் பொங்கியிருக்க வேண்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள், இட்லி மாவுக்கு எப்படிக் கண்ணால் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள். டர்பனில் ஜனவரியில் சமையலறை வெக்கையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், ஆகவே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஜூலையில் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். ஜூலையில் உங்கள் இட்லி மாவும் பொங்காது என்பதை இந்தக் குளிர்காலத்தில் பார்ப்பீர்கள். இரண்டையும் ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல், உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அந்தச் சூடு போதும்.

பொங்கிய மாவை எண்ணெய் தடவிய பலகையில் கவிழ்த்து, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, நெய் தடவிய டின்னில் வையுங்கள். மாவு டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை எழும்பும் வரை காத்திருக்க வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வந்து பாதியில் நிற்க வேண்டும். டக்கென்று மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வரவே இல்லையென்றால் காலம் கடந்துவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள். ஓவனை 220-ல் நன்றாகக் காயவிட்டு பதினைந்து நிமிடம், பிறகு 200-க்குக் குறைத்து இருபது நிமிடம். கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் நன்றாக எழும்பும். டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டுங்கள். மேளத்தைத் தட்டுவது போல உள்ளே காலியாக ஒலித்தால் வெந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆறட்டும். சூட்டில் அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும், வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு தடவை ஓவன் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கரண்ட் போகும், ஆகவே இரண்டு பிரெட்டாகச் சுட்டு ஒன்றை வில்லை போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

மாவு குறைவாக இருக்கும் வாரத்தில் ஒரு வழி உண்டு. ஒரு கப் கெட்டியான சோளக்கூழ், இங்கே பாப் என்று சொல்கிறார்களே, அதை ஆறவிட்டு 400 கிராம் பிரெட் மாவில் சேர்த்துப் பிசையுங்கள். கூழில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு பதம் பார்த்துச் சேருங்கள். பிரெட் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். எனக்குச் சாதா பிரெட்டை விட இதுவே பிடிக்கும்.

புளிப்பு மாவு, அதாவது பாக்கெட் ஈஸ்டுக்குப் பதில் மாவையும் தண்ணீரையும் தானாகப் புளிக்கவிடுவது, வளர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வளர்க்கலாம், ஆனால் தினம் அதில் கொஞ்சத்தை எடுத்துக் கீழே கொட்டும் முறை எனக்கு ஒப்பவில்லை. தட்டுப்பாட்டுக்குப் பயந்து செய்யும் வேலையில் மாவைக் கொட்டுவது சரியில்லை. நிறைய ஆசை இருந்தால் இருபது கிராம் மாவு, இருபது மில்லி தண்ணீர் என்று மிகச் சின்ன அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2021. இதைச் சொல்லாமல் பதில் முழுமையாகாது. ஆனால் எனக்கு இன்றும் எழுதக் கை தயங்கும் விஷயம் இது. கொரோனாவின் மூன்றாம் அலை ஓடிக்கொண்டிருந்த ஜூலை மாதம், 9-ஆம் தேதி, முன்னாள் அதிபர் ஜூமாவைச் சிறையில் அடைத்ததை ஒட்டி, கலவரம் தொடங்கியது. மூய் ரிவர் பக்கத்தில் லாரிகளைக் கொளுத்தியதில் டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்-3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. இரண்டு மூன்று நாளில் கடைகளும் கிடங்குகளும் கொள்ளை போயின. டர்பனின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நின்றது, பெட்ரோல் இல்லை. நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஆட்கள் அதிகம் வாழும் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த நாட்களைப் பிரெட் கிடைக்காத கதையாகச் சுருக்குவது தவறு. ஆனால் நீங்கள் கேட்டது அடுக்களையைப் பற்றி என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

புதன்கிழமை ஒரு கடை திறக்கிறது என்று கேள்விப்பட்டுக் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு பிரெட், ஒரு பால். பத்தரை மணிக்கு நான் வாசலை நெருங்கியபோது பிரெட் தீர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு ஜூலுப் பெண் நின்றிருந்தாள், இரண்டு டாக்ஸி மாறி வந்தவள். அவள் ஒன்றும் பேசவில்லை, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். என்னிடம் வீட்டில் எட்டு கிலோ மாவு இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலையிலிருந்து எங்கள் தெருவில் பொருளைச் சேர்த்தோம். என்னிடம் மாவு, ஆயாவிடம் கேஸ் அடுப்பும் பெரிய பாத்திரமும், மூன்றாவது வீட்டில் ஈஸ்ட், மூலை வீட்டில் பாத்திரம் பாத்திரமாகப் பால். ஆண்கள் தெரு முனையில் தீ மூட்டி விடிய விடியக் காவல் இருந்தார்கள், நாங்கள் ஆயா வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு மாவைச் சுருட்டினோம். தெருவில் பதினாறு வீடு, வீட்டு வேலைக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள், எல்லாருக்கும் ஆறு நாள் பங்கிட்டுப் பிரெட் கொடுத்தோம். அந்த மாதம் 22-ஆம் தேதி துறைமுக நிர்வாகத்தின் கணினிகள் மேல் இணையத் தாக்குதல் நடந்து பெட்டி இறக்குவதே நின்றுபோனது என்று செய்தி வந்தபோது, உண்மையாகவே எங்கள் தெருவில் யாரும் கடைக்கு ஓடவில்லை. பத்து கிலோவை யாருக்காவது கொடுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். உங்கள் தெருவில் யாரிடம் கேஸ் இருக்கிறது, யாருக்கு வயசான அம்மா இருக்கிறார், யாருக்குச் சம்பளம் நின்றிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பை மாவும் ஒரு பிரெட்டும் எடுத்துக்கொண்டு போனால் கதவு தானாகத் திறக்கும்.

கரண்ட் இல்லாத நாளைப் பற்றிப் பயந்திருந்தீர்கள். லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, மிக மோசமாக இருந்த 2023-ல் ஓவனை நம்பிப் பிரெட் போட முடியாது. மாவு விளிம்புக்கு எழும்பி நிற்கும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அதற்கு இந்த மண்ணின் வழியே இருக்கிறது. ஜூலு மக்கள் உஜெக்கே என்று ஒரு பிரெட் செய்வார்கள், ஆவியில் வேகவைப்பது. என்னோடு ஆலையில் வேலை செய்த ஜூலு அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதே மாவை எண்ணெய் தடவிய எனாமல் கிண்ணத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, மூடி, முக்கால் மணி நேரம் ஆவியில் விட வேண்டும். அவர் செய்வதைப் பார்த்ததும் எனக்கு நம் இட்லிக் கொப்பரை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக இட்லித் தட்டின் குழிகளில் வைத்தேன். மூடிக்கு ஒரு துணி சுற்றிக் கட்டினேன், இல்லாவிட்டால் நீர் சொட்டி மேல்பக்கம் சொதசொதவென்று ஆகும். பதினைந்து நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல. கறிக்குழம்போடும் சாம்பாரோடும் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். கேஸ் சிலிண்டர் மட்டும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சலால் கோழிகளை லட்சக்கணக்கில் அழித்தபோது முட்டை கிடைக்கவில்லை, சில கடைகளில் ஆளுக்கு ஆறு என்று கணக்கு வைத்தார்கள். அது புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழர்கள் புரட்டாசி விரதத்தை நம் ஊரை விடக் கண்டிப்பாகப் பிடிப்பவர்கள், முட்டையும் தொடமாட்டார்கள். அதனால் முட்டை இல்லாத கேக் தெரியாத வீடே நம் ஆட்கள் வாழும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கிடையாது. ஒரு கப் மாஸ், அதாவது இங்கே பாட்டிலில் விற்கும் கெட்டிப் புளித்த பால், அதில் அரை டீஸ்பூன் சோடா உப்பைக் கலந்து நுரைக்க விடுங்கள். முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் கேக் மாவு, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய். 180-ல் அரை மணி நேரம். உங்கள் கேக் மாவில் கொஞ்சம் இப்படித் தீரும்.

கடைசியாக, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2020 ஜூனில் கும்பகோணத்தில் என் அம்மா இறந்தார். விமானம் இல்லை. தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க, இங்கே சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. அன்றிலிருந்து பல மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், உடனே ஃபோனைத் திறந்து எத்தனை பேர் என்று கொரோனா எண்ணிக்கை பார்ப்பேன். மாவு கலந்து வைத்த நாட்களில் மட்டும் அந்த நேரத்தில் எழுந்து மாவைப் போய்ப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் புளித்த வாசனை வரும், குமிழ் ஒன்று மெதுவாக எழும்பி உடையும். திரும்பப் போய்ப் படுத்துவிடுவேன். இது மருந்து என்று சொல்லமாட்டேன். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருந்தால், சாப்பாடு இறங்காமல் இருந்தால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். நான் ஏழு மாதம் கழித்துப் போனேன், முன்பே போயிருக்க வேண்டும். கணவரிடமும் பேசுங்கள். நாற்பது கிலோ மாவு வாங்கியவரும் தூங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஃபோன் ராத்திரி சமையலறையிலேயே இருக்கட்டும், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். நாளைக்கு வெள்ளிக்கிழமை, இன்று ராத்திரி கலந்துவைத்தால் காலையில் சுடலாம். ஆறிய பிறகு நடுவில் அறுத்து, அறுத்த பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தத் துளைகளைப் பார்த்தால் தண்ணீர் போதுமா, நேரம் போதுமா என்று சொல்லிவிடுவேன்.